ஜிம்மியின் மத்தியானச் சோறு

அம்மா பாபநாசத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குப் போகத் தொடங்கியபோது நான் மூன்றாம் வகுப்பு. அந்த வேலையால் எங்கள் வீட்டில் பட்டினி கிடந்தது ஜிம்மி.

ஜிம்மி நாட்டு நாய். அதற்குச் சோறு மத்தியானம்தான். அப்பா வயலிலிருந்து வந்து, கால் கழுவி உட்கார்ந்து, அம்மா பரிமாறி, அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அதன் அலுமினியத் தட்டில் சோறு விழும். அம்மா காலை பஸ்ஸுக்கு ஓட ஆரம்பித்ததும் இந்த ஏற்பாடு குலைந்தது. கிளம்பும்போதே தட்டில் போட்டுவிட்டுப் போனாள். ஜிம்மி அதை முகர்ந்துகூடப் பார்க்காது. கோழிகளும் காக்கைகளும் விருந்து சாப்பிட்டன. மத்தியானமானால் காலித் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஊளையிடும்.

அப்பாவுக்கோ தானாகச் சோறு போட்டுக்கொள்ள வராது. நாள் முழுக்கச் சேற்றில் நிற்பார், பம்புசெட் மோட்டாரைப் பிரித்து மாட்டுவார். சட்டியிலிருந்து தட்டுக்குச் சோறு வர மட்டும் இன்னொருவர் கை வேண்டும். பெண்டாட்டி வேலைக்குப் போனதும் தானே போட்டுத் தின்கிறான், பாவம் என்று எவனாவது சொல்லிவிடுவானோ என்ற பயம் வேறு. டீக்கடையில் இரண்டு வடையைத் தின்றுவிட்டு வயலுக்கே திரும்பிவிடுவார்.

ஒருநாள் பக்கத்து வீட்டில் கழுவி வைத்திருந்த கெண்டை மீனை ஜிம்மி கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. அந்த வீட்டு அத்தை எங்கள் வாசலில் நின்று தொண்டை வற்றும்வரை கத்தினார். சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

“நாய்க்கு ஒரு வாய் சோறு போட ஆளில்லாத வீடு என்ன வீடு? நாளைக்கே இத சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வர்றேன். இல்லாட்டி நீ வேலைய விடு.”

நான் ஓவென்று அழுதேன். அம்மா வேலையை விட்டால் ஜிம்மி தப்பிக்கும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. “விட்டுடும்மா” என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் கையை மெல்ல விலக்கினாள்.

“என்னங்க, நாய்க்கு மட்டும் மத்தியானம் நீங்க வந்து போட்டுடுங்க. ஒரு வாரம் பாப்போம். சரிப்படலன்னா நானே வேலைய விட்டுடுறேன்.”

அப்பா யோசித்தார். நாய்க்குச் சோறு போடுவதில் ஆண்பிள்ளைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. சரி என்றார்.

மறுநாளிலிருந்து அம்மா இருட்டோடு எழுந்து ஜிம்மிக்குச் சமைத்தாள். எனக்கு டிபன் பாக்ஸில் தயிர்சாதம். நாய்க்கு முருங்கைக்காய் சாம்பார், ஒருநாள் கருவாட்டுக் குழம்பு. எனக்குப் பொறாமை தாங்கவில்லை. ஆனாலும் அந்தச் சாக்கை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் எங்களுக்கு மழை லீவு. மத்தியானம் அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நனைந்தபடி வந்தார். ஜிம்மி அவர் காலையே சுற்றியது. சோற்றைப் போட்டு, குழம்பூற்றி, தன் கையாலேயே பிசைந்து வைத்தார். எனக்கும் ஒரு தட்டில் போட்டுக் கொடுத்தார். பிறகு அடுப்படிக் கதவை ஒருக்களித்துவிட்டு சட்டியோடு உட்கார்ந்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

“மிச்சம் கெட்டுப்போயிடும் பாப்பா. சோத்த வீணாக்கக் கூடாதுல்ல?”

நியாயமாகத்தான் பட்டது.

வாரம் முடிந்தபோது அப்பா சாக்கைப் பற்றியும் பேசவில்லை, வேலையைப் பற்றியும் பேசவில்லை. “நாய் இப்ப ஒழுங்கா இருக்கு” என்றார். “ஆமாங்க” என்ற அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஜிம்மியைக் கட்டிக்கொண்டு கொல்லையெல்லாம் உருண்டேன்.

அம்மா அந்தக் கடைக்குப் பல வருஷம் போனாள். ஜிம்மியின் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் தினமும் இரண்டு மோர்மிளகாயை வறுத்து, ஒரு கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டுப் போவாள். அதையும் நாய்க்குத்தான் வறுக்கிறாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.