ஆத்தூர் வளைவில் நீல மீன்கள்

ராசிபுரம் பைபாஸில் டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தபோது மல்லிகா அழைத்தார். "அண்ணா, அவரு போயிட்டாருங்ணா." முருகேசனின் மனைவி. அவனும் நானும் ஒரே லாரியை மாறி மாறி ஓட்டியவர்கள்; ஒன்றாகக் குடித்து, ஒன்றாக விட்டவர்கள். பழைய குடி கெடுத்து வைத்திருந்த ஈரல் கடைசியில் அவனைக் கொண்டுபோய்விட்டது.

விட்ட புதிதில் எங்கள் கண்கள் எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. எதிரே வரும் பஸ்ஸுக்கு முன்னால் மதுக்கடைப் பலகை தெரியும். வேலியோரம் நசுங்கிக் கிடக்கும் பிளாஸ்டிக் டம்ளர் தெரியும். நாக்கு ஊறும். முருகேசன்தான் ஒரு வழி வைத்தான். "கமுக்கமா பாத்தாத்தான் காலு அங்க போகுது. கத்திச் சொல்லிப்போடு, மாப்ள." பார்த்தவன் "கடை!" என்று கத்த வேண்டும். கத்தினால் சிரிப்பு வரும். அதற்குள் கடை பின்னால் போயிருக்கும்.

ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலைக்கு வருடக்கணக்கில் போய்வந்தோம். ஒருநாள் திரும்ப வேண்டிய வளைவைத் தவறவிட்டு வெகுதூரம் போய்விட்டோம். அந்த வளைவில் இருந்த மதுக்கடையை ஊர்ப் பெண்கள் மறியல் செய்து மூடவைத்திருந்தார்கள். கடை போனதும் எங்களுக்கு வளைவே தெரியவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அங்கே ஒரு பள்ளிக்கூடம். நீளச் சுவரில் வெளுத்துப்போன நீல மீன்கள்.

"இது எப்பம்மா கட்டுனாங்க?" என்று அங்கே நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

முருகேசன் சிரிக்கவில்லை. "இத்தன வருசம் நம்ம கண்ண அந்தக் கடை புடிச்சு வெச்சிருக்குது, மாப்ள."

சரி, நாங்கள் குடிகாரர்கள். பள்ளிச் சுவரை ஒட்டிக் கடைக்கு இடம் பார்த்துக் கொடுத்தவனுக்கு என்ன? அவன் கண்ணில் ஏன் அந்த மீன்கள் படவில்லை?

முருகேசனின் இழவு வீட்டில் ஒருவர், "குடிய உட்டும் என்ன பிரயோசனம்?" என்றார். மல்லிகா நிமிர்ந்தார். "மூணு வருசம் என்ர புள்ளைக்கு அப்பன்னு ஒருத்தரு இருந்தாருங்க. அது உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா?"

போன வாரம் அதே ஆலைக்கு லோடு. உடன் வந்தது புது டிரைவர் கார்த்தி. வழியில் வேறொரு கடையின் பலகை. என் கண் முதலில் அங்கேதான் போனது. "கடை!" என்று கத்தினேன்.

"யாருகிட்டச் சொல்றீங்ணா?"

"முருகேசங்கிட்ட."

"செரி. எங்க திரும்போணும்?"

"நீல மீன் போட்ட சுவரு வரும். அங்க."

மீன்களுக்கு யாரோ புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள். கடை இன்னும் என் கண்ணில் படுகிறது. இப்போது மீன்களும் படுகின்றன. முருகேசனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்.