புலி மாவு

மூத்தவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, காலையில் சீருடையைப் பார்த்தாலே வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். டாக்டர் வயிற்றில் கோளாறு ஒன்றுமில்லை என்றார். நானும் அதே பள்ளியில்தான் ஆசிரியை. ஒரு நாள் வகுப்பு மாறிப் போகும்போது, வராந்தாவில் அவள் முட்டி போட்டிருந்ததைப் பார்த்தேன். சொல்வதெழுதலில் பிழை. என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன்.

"இனி இவளை அனுப்ப வேண்டாங்க. சின்னவளையும் சேர்க்க வேண்டாம்."

"வேற பள்ளிக்கூடம் பாக்கலாமா அம்மணி?"

"எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டாங்க. ஊட்டுலயே இருக்கட்டும். அவங்களுக்கு எது புடிக்குதோ அதைக் கத்துக்கட்டும்."

அவர் கணபதிப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் லேத் ஓட்டும் டர்னர். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அப்ப நீ?" என்றார்.

"நானும் போகலீங்க."

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இப்படி வாழ்பவர்கள் வேறெங்காவது இருக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட எங்களுக்கு வழியில்லை. ஒரு சம்பளம் நின்றுவிட்டது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. வீட்டிலேயே செய்கிற தொழிலாக வேண்டும். பிள்ளைகளின் பகலை அது தின்றுவிடக் கூடாது. தெரிந்தவர்கள் டியூஷன் எடுக்கச் சொன்னார்கள். விட்டுவிட்டு வந்த பள்ளிக்கூடத்தை வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

கடைசியில் இட்லி மாவு என்று முடிவு செய்தோம். ஊருக்கெல்லாம் கிரைண்டர் செய்து அனுப்புகிற ஊர் இது. ஆனால் எங்கள் தெருவில் ஒண்டுக் குடித்தனம் இருந்த பலர் வீட்டில் கிரைண்டர் கிடையாது. பட்டறைக்கும் மில்லுக்கும் போய்த் திரும்பும் பெண்களுக்கு ஆட்ட நேரமும் கிடையாது. மூடிப்போன ஒரு ஓட்டலிலிருந்து பெரிய கிரைண்டர் ஒன்றை வாங்கி வந்தார் கணவர். பேரிங் மாற்றி, புது பெல்ட் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதனோடு மல்லுக்கட்டி ஓட வைத்தார். போர்வெல் தண்ணீர் உப்பு. அதனால் குழாயில் எப்போதாவது வரும் சிறுவாணித் தண்ணீரை மாவுக்கென்று பிடித்து வைத்துக்கொண்டு, நாங்கள் உப்புத் தண்ணீரில் குளித்தோம்.

ஆரம்பித்தது சித்திரையில். வெயிலுக்கு மாவு பொங்கி, டிரம்மை விட்டு வழிந்து, வாசற்படி வரை வந்துவிட்டது. மிஞ்சியதை வாங்கிப்போன பக்கத்து வீட்டுப் பெண் மறுநாள் வந்து நின்றாள்.

"ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. தோசை ரொம்பப் புளிச்சுப்போச்சுங்க. புள்ளைங்க வாயில வெக்க மாட்டீங்குதுங்க."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அன்றைய மாவை எல்லாம் கொட்டினோம். மறுநாள் முதல் ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்டினேன். மத்தியானம் ஆட்டி, புளிக்கவிடாமல் சாயங்காலமே விற்றேன். உடனே ஊற்ற வேண்டுமென்பவர்களுக்காகப் புளித்த மாவைத் தனியாகச் சின்னப் பாத்திரத்தில் வைத்தேன். வாங்கியவர்கள் மறுபடி வந்தார்கள்.

அவிநாசிப் பக்கம் தோட்டத்திலிருந்து கணவரின் அண்ணன் வந்தது அந்தச் சமயத்தில்தான். வந்த நேரம் பார்த்து, சின்னவள் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"ஏந்தம்பி, வசதி பத்தலீன்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஃபீஸை நான் கட்டிப்போடறேன். படிக்கற புள்ளைகளை மாவாட்ட உட்டிருக்கறயே."

"காசுக்காக நிறுத்தலீங்கண்ணா" என்றார் கணவர்.

"பொறவு எதுக்காம்?"

கணவர் எழுந்து போய்ச் சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து உளுந்து களைய ஆரம்பித்தார். காபியை முழுதாகக் குடிக்காமலே அண்ணன் கிளம்பினார். அவர் கேட்டது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் சுதந்திரமாக இருக்கத்தான் இந்தக் கடை. கடையே அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டால்? வேலைக்கென்று அவர்களைக் கூப்பிடுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தோம். தானாக வந்தால் வரட்டும், பாதியில் எழுந்து போனால் போகட்டும்.

மூத்தவள் வரவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் புத்தகம், பென்சில் எதையும் தொடவில்லை. நாய்க்குட்டிகளோடும் கொய்யா மரத்தோடும் அவள் நாள் போனது. ஆசிரியையாக இருந்த எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததுதான் பெரிய வேலை. மாவாட்டுவது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அட்டைப் பெட்டியைக் கிழித்து ஏதோ எழுதிக்கொண்டுபோய் வாசலில் மாட்டினாள். 'இங்கு புலித்த மாவு, புலிக்காத மாவு கிடைக்கும்.'

என் கை தானாகத் திருத்தப் போனது. கணவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "உடு அம்மணி, இருக்கட்டும்" என்றார்.

முதலில் வந்தது அதே பக்கத்து வீட்டுப் பெண்தான். படித்துவிட்டு, "ஏங்கண்ணு, புலி வந்தா ஆட்டுது? எனக்குப் புலிக்காததுல ஒரு படி குடு" என்றாள்.

நான் மகளைப் பார்த்தேன். வராந்தாவில் பார்த்த முகம் மறுபடி வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அவள் அட்டையை ஒருதரம் படித்தாள். புரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளே ஓடிவந்து, எந்த 'ளி' என்று என்னிடமே கேட்டாள். அட்டையைத் திருத்தாமல், அதன் ஓரத்தில் ஒரு புலியை வரைந்தாள். வேறொரு அட்டையில் சரியாக எழுதிக் கீழே மாட்டினாள். அதன்பிறகு எங்கள் கடைக்கு அந்தத் தெருவில் புலி மாவுக் கடை என்றுதான் பெயர். அவளும் அன்றிலிருந்து, கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் படிக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வருடம் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதிக்கு மெஸ் நடத்துபவர் தேடி வந்தார். தினமும் விடியுமுன் மாவு வந்து சேர வேண்டும், எவ்வளவு கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கணவர் முகம் மலர்ந்துவிட்டது. நான் வேண்டாமென்றேன்.

"ராத்திரியெல்லாம் ஆட்டிப்போட்டுப் பகல்ல தூங்குனா, புள்ளைகளோட யாருங்க இருக்கறது? அதுக்கு நான் வாத்தியார் வேலையிலயே இருந்திருக்கலாமே."

"வர்ற லட்சுமியைத் தள்ளற நீ."

இரண்டு பேரும் அந்த வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவருக்கு அப்போது பகல் ஷிப்ட். விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவார். ஒரு நாள் அவர் வந்தபோது, சின்னவள் அன்று பழைய டேபிள் ஃபேனைப் பிரித்து மறுபடி ஓட வைத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எப்பக் கண்ணு? நான் பாக்கலியே" என்றார். அதைச் சொன்ன குரலிலேயே அவர் மனம் மாறியது எனக்குத் தெரிந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது, "மெஸ் வேண்டாம். நான் வேலையை உட்டுப்போட்டு ஊட்டுக்கே வாரேன்" என்றார்.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்றேன். ஒரு மொபெட் வாங்கி, சாயங்காலம் பக்கத்துத் தெருக்களுக்கு வீடு வீடாக மாவு கொண்டுபோனார். சில மாதங்கள் இழுபறி. துணி எடுக்காத தீபாவளியும் ஒன்று வந்தது. பிறகு காலூன்றி நின்றுவிட்டோம்.

அண்ணன் தன் வீட்டு விசேஷத்துக்கு எங்களிடமே மாவு சொன்னார். பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் கடைசிவரை எங்களோடு ஒத்துப்போகவில்லை. மூத்தவள் பல வருடம் கழித்துத் தானாகக் கேட்டு, தனித்தேர்வராகப் பத்தாவது எழுதினாள். சின்னவள் எந்தப் பரீட்சையும் எழுதாமல், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டு, இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறாள்.

கணவர் வேலையை விட்ட அடுத்த திங்கட்கிழமை, ஊரே பள்ளிக்கும் கம்பெனிக்கும் போய்க்கொண்டிருந்த நேரத்தில், நாங்கள் நான்கு பேரும் ரயில் பார்க்கப் போத்தனூருக்குப் பஸ் ஏறினோம். அரிசியும் உளுந்தும் வீட்டில் ஊறிக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் திரும்பினால் போதும்.