கொயினாவைத் துப்பியவள்

எனக்குப் பதினாலு வயது நடந்தபோது சாவு என்பது மற்றவர்கள் சமாச்சாரம். வெள்ளம் போன அன்று, எல்லோரும் கரையில் நின்று கத்தக் கத்த ஆற்றில் இறங்கி அக்கரை போய்த் திரும்பியவள் நான். என் உடம்பு தனி உடம்பு என்று நம்பினேன். அதில் எனக்குத் துளி வெட்கமும் இருக்கவில்லை.

அந்த வருஷம் கேகாலைப் பக்கம் எங்கும் குளிர்காய்ச்சல். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்திலும் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு நாலு பேராவது படுத்துக் கிடந்தார்கள். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றால், வேலை பிரிப்பதற்கு முன்பே மருந்து மாத்தயா, காய்ச்சல் வராமலிருக்கக் கொடுக்கும் கொயினா வில்லைகளோடு வந்துவிடுவார். "கட அரின்ன" என்று சிங்களத்தில் அதட்டி வாயைத் திறக்கவைத்து, வில்லையைப் போட்டு, உடனே பேரைச் சொல்லச் சொல்வார். பேர் குழறாமல் வந்தால் விழுங்கியாயிற்று என்று அர்த்தம்.

வில்லையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு பேரைக் கணீரென்று சொல்ல நான் பழகினேன். கசப்பு காதுவரை ஏறும். பால் வெட்டப் போனதும் என் நிரையின் முதல் மரத்தடியில் துப்பிவிடுவேன். பயந்தவர்களுக்குத்தானே மருந்து! பக்கத்து நிரையில் வெட்டிய என் கூட்டாளிக்கும் அந்த வித்தையைப் பெருமையாகக் காட்டிக்கொடுத்தேன்.

பத்து நாளில் அவள் படுத்தாள். எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஒரு வாரமாகியும் அவளுக்குக் காய்ச்சல் இறங்காததால், பொறுக்க முடியாமல் அவள் காம்பராவுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

"என்னாலதான்டி. நான் சொல்லித் தந்துதானே நீ துப்புன."

அவள் கண்ணைத் திறந்தாள். அந்த நிலையிலும் அவளுக்குக் கோபம் வந்தது.

"நீ என்ன பெரிய இவளா? நீ காட்டுறதுக்கு முந்தியே நான் துப்பிக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கெல்லாம் காய்ச்சல் வராதுன்னு எனக்குத் தெரியும்டி."

எனக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. அந்தத் தோட்டத்திலேயே அப்படி நினைத்தவள் நான் ஒருத்திதான் என்றல்லவா இருந்தேன்!

மூன்றாம் நாள் அவள் செத்துப்போனாள். அடுத்த பெரட்டில் வில்லையை விழுங்கினேன். பயத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

எனக்குக் காய்ச்சல் வரவே இல்லை. கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வரச் சொன்னாள் அம்மா.

"சாமி அவள எடுத்துக்கிட்டு என்னய விட்டுச்சே, அதுக்கா தேங்கா?" என்று கேட்டேன். அம்மா என் வாயிலேயே ஒன்று போட்டாள். நான் உடைக்கவில்லை. இன்றுவரை உடைக்கவில்லை.