கேற்றடியில நிண்டவன்

நம்பாதவங்க நம்பாமப் போகட்டும், எனக்கு ஒரு நட்டமுமில்ல. நான் கனாக் கண்டுபோட்டு வந்து கதைக்கிற ஆளில்ல. 2009 ஜூன் மாசம், திங்களிலிருந்து வியாழன் மட்டும், கல்முனைக்குடி சுனாமி வீட்டுத்திட்டத்தில, மூண்டாம் மாடியில, என்ட வீட்டுக்குள்ள நடந்தது இது. நேரத்தையெல்லாம் பாத்துத்தான் வெச்சிருக்கன்.

முதல்ல றொசானப் பத்திச் சொல்லோணும். கல்முனைத் தமிழ்ப் பக்கத்துப் பொடியன். என்ட வயசு, என்ட கூட்டாளி. சேர்ச்சில கிற்றார் அடிக்கிறவன். என்ட வாப்பாவுக்குக் கிற்றாரக் கண்ணிலயும் காட்டேலா. அதனால றொசான்ட கிற்றாரிலதான் களவாப் பழகினன்.

அவன் கடைசியாப் பழக்கித் தந்தது புளூஸ் எண்ட அமெரிக்கப் பாட்டு வகையில வாற டேர்னெரவுண்ட். நாலு தட்டு ஒரு பார், பன்னிரண்டு பார் ஒரு சுத்து. அந்தச் சுத்தில கடைசி ரெண்டு பார்தான் இது. "பாட்டு வீட்ட விட்டு வெளிக்கிட்டு, கேற்றடி மட்டும் போய், கிறுகித் திரும்பிப் பாக்கிற இடம் மச்சான்" எண்டுவான். முதல் தட்டுக்கு ஈ எண்ட கோட். மறுகா ரெண்டாவது கம்பியில மூண்டாம் கட்டம், ரெண்டாம் கட்டம், ஒண்டாம் கட்டம், வெறுங்கம்பி எண்டு படி படியா இறங்கோணும். பக்கத்தில முதலாம் கம்பி சும்மா அதிந்துகொண்டிருக்கும். கடைசியில பி செவன் கோட். அதுதான் கேற்றடி. அதில நிண்டா பாட்டு முடியாது, திரும்பி முதல்ல இருந்து துவங்கும். முடிக்கிறதெண்டா ஈ-க்கு வந்துதான் முடிக்கோணும்.

பி செவன்ல விட்டுட்டுக் கிற்றாரக் கீழ வைக்க அவன் ஒருநாளும் விடமாட்டான். "அப்பிடி வெச்சா கிற்றார்க்காரன் திரும்பி வரோணும்டா" எண்டு சிரிப்பான். நானும் சிரிச்சன். பழகின பழக்கத்துக்கு அவன் கட்டின கதை எண்டுதான் நினைச்சன்.

2004 டிசம்பர் 25, நத்தார். அவங்கட வீட்டில பகல் சாப்பாடு. வெளிக்கிடக்குள்ள கிற்றாரக் கேட்டன். "ராவைக்கே கொண்டு வந்துடு, நாளைக்கு ஒரு கலியாண வீட்டில வாசிக்கோணும்" எண்டான். ஓமெண்டன். வாப்பாவுக்குப் பயந்து சம்மாந்துறைக்கு, சாச்சி வீட்டக் கொண்டு போனன். அந்த டேர்னெரவுண்ட் கைக்கு வருதுமில்ல, எனக்கு விட மனசுமில்ல. விடியக் குடுப்பம் எண்டு அங்கயே படுத்திட்டன்.

ஞாயிறு காலம எட்டரைக்கு றொசான் கடற்கரையோரம் இருந்த எங்கட வீட்ட வந்திருக்கான். மகன் சம்மாந்துறையில, இப்ப வந்துடுவான் எண்டு உம்மா சொல்லியிருக்கா. "சரி உம்மா, நான் கேற்றடியில நிக்கிறன்" எண்டானாம். கொஞ்ச நேரத்தில கடல் வந்திட்டு. உம்மாவ அயல் வீட்டு மாடியிலிருந்து இறக்கினாங்க. வாப்பா மௌத்து. றொசான்ட மையித்துக் கிடைக்கவேயில்ல.

கிற்றாரக் கேக்க வந்து செத்தவன். சொன்ன நேரத்துக்கு நான் குடுத்திருந்தா அவன் அந்தப் பக்கமே வந்திருக்கமாட்டான். நாலரை வருசமா இதுதான் என்னத் திண்டது. அவன்ட தாய் லூர்தம்மாவ ரோட்டில கண்டா சைக்கிளத் திருப்பிக்கொண்டு ஓடிடுவன். கிற்றாரும் சாச்சிட அலுமாரிக்கு மேலயே கிடந்திச்சு.

2009 மேயில சண்டை முடிஞ்சு, சந்தி சந்தியா வெடி கொளுத்தினாங்க. அடுத்த மாசம் அறுகம்பையில ஒரு ஹோட்டல்காரர் வெள்ளைக்காரனுக்கு வாசிக்க ஆள் தேடுறாராம், புளூஸ் தெரியோணுமாம், சனிக்கிழம வந்து வாசிச்சுக் காட்டட்டாம் எண்டு கதை வந்திச்சு. எனக்கு வேல இல்ல. என்ட மனிசி நதீராவுக்கு ஆறு மாசம். வெக்கத்த விட்டுட்டு அந்தக் கிற்றாரத்தான் எடுத்து வந்தன்.

திங்கள். பின்னேரம் முழுக்க அந்த ரெண்டு பாரத்தான் உருட்டினன். 6.22க்குப் பள்ளியில மஃரிப் பாங்கு. பாங்கு கேட்டா எங்கட ஆக்கள் எந்தப் பாட்டையும் நிண்ட இடத்திலயே நிப்பாட்டுவம். நான் நிண்டது பி செவன்ல. அப்பிடியே கட்டில்ல வெச்சிட்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி வுளு எடுக்கப் போனன்.

6.41க்குத் தொழுதுபோட்டு வந்தா, கிற்றார்ட முதுகில ஈரம். கடல்காத்து எண்டு துடைச்சு விட்டன்.

செவ்வாய். தடிச்ச கம்பி, ஆறாவது, பட்டெண்டு அறுந்திட்டு. பி செவனுக்கு அந்தக் கம்பி தேவையில்ல. ஆனா ஈ-க்கு அதுதான் அத்திவாரம். கேற்றடி மட்டும் போகலாம், வீட்டுக்குள்ள வரேலா. கல்முனைக் கடையில கம்பி இல்ல. கொழும்பு பஸ் கொண்டக்டர் கச்சிமுகம்மது காக்காவிட்டச் சொல்லிவிட்டன். 6.22க்குப் பாங்கு. திரும்பவும் பி செவன்ல வெச்சன்.

தொழுகையில நிக்கக்குள்ள கேட்டிச்சு. க்ர்ர்ர்... ரீக்.

இரும்புக் கேற்று. எங்கட பழைய வீட்டுக் கேற்று அப்பிடித்தான் கத்தும். எண்ணெய் போடு எண்டு உம்மா நாளும் பேசுவா. ஆனா நான் இருக்கிறது மூண்டாம் மாடி. அங்க கேற்றே இல்ல.

புதன். கிற்றாரத் தட்டினா சுருதி இறங்கியிருக்கு. ஈரத்துக்கு இறங்கும், ஓம். ஆனா கம்பிக்குக் கம்பி வித்தியாசமா இறங்கும். இது அஞ்சு கம்பியும் சொல்லிவெச்ச மாதிரி சரியா அரைச் சுருதி. பாடக்குள்ள குரல் எட்டாது எண்டு அப்பிடி இறக்கி வைக்கிற ஒரு ஆளத்தான் எனக்குத் தெரியும்.

"கிற்றாரத் தொட்டியா புள்ள?"

"எனக்கென்ன வேற வேல இல்லயா?" எண்டா நதீரா.

கம்பிகளத் திரும்ப இழுத்துச் சரிபண்ணினன். பாங்குக்கு நிப்பாட்டினன், பி செவன்ல. றொசான் சொன்னது ஞாபகம் வந்திச்சுத்தான். ஆனா பாங்கு கேக்கக்குள்ள இன்னொரு கோட் அடிக்க எனக்கு மனசு வரல்ல. அண்டைக்குக் கேற்று ரெண்டு தரம் கத்திச்சு.

வியாழன். பொழுது பட்டா எங்கட கணக்குக்கு வெள்ளி இரவு. நதீரா அவட உம்மா வீட்ட போயிட்டா. 6.10க்குக் கரண்ட் போச்சு. இருட்டுக்குள்ள இருந்து வாசிச்சன்... படி இறங்கினன்... பி செவன்...

பாங்கு.

கிற்றாரக் கட்டில்ல வெச்சன். அஞ்சு கம்பி. தடவிப் பாத்துத்தான் வெச்சன். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கொள்ளுங்க.

6.27. பைப்படியில குனிஞ்சு முகம் கழுவிக்கொண்டு நிக்கன்.

க்ர்ர்ர்... ரீக்.

பைப்பப் பூட்டினன்.

சளக்... சளக்...

ஈரக் கால். அறைப் பக்கம் போகுது. ஆறுதலா, தாளத்துக்கு வைக்கிற மாதிரி. எட்டு அடி. சரியா ரெண்டு பார்.

நிண்டிச்சு.

மறுகா...

டூம்...

தடிச்ச கம்பி.

கிற்றாரில இல்லாத கம்பி.

பயத்துக்கு ஓதுற ஆயத்துல் குர்ஸிய ஓதப் பாத்தன். நடுவில விட்டுப்போகுது. போன் டோர்ச்ச அடிச்சுக்கொண்டு அறை வாசலுக்கு வந்தன்.

அறைக்குள்ள ஆரும் இல்ல.

தரையில எட்டு ஈரக் கால். உள்ளுக்கு வந்த கால்தான். வெளிய போன கால் இல்ல.

கட்டில்ல கிற்றார். ஆறு கம்பி.

ஆறாவது புதுசா மின்னுது. நுனியால தண்ணி சொட்டுது.

"றொசான்..." எண்டன்.

பக்கத்தில, என்ட காதுக்குக் கிட்ட, கால் தட்டுற சத்தம். ஒண்டு... ரெண்டு... மூண்டு... நாலு...

திரும்பிப் பாக்கல்ல. எனக்கு அந்தத் தைரியம் இல்ல.

கிற்றார எடுத்தன். கம்பி ஐஸ் மாதிரிக் குளிர். "மன்னிச்சுக்க மச்சான்" எண்டன். அழுகையா வந்திச்சு. ஈ. மூண்டாம் கட்டம். ரெண்டாம் கட்டம். ஒண்டாம் கட்டம். வெறுங்கம்பி. பி செவன்...

நிக்கல்ல.

ஈ. ஆறு கம்பியும் சேத்து.

கால் தட்டுறது நிண்டிச்சு. கேற்றுச் சாத்துற சத்தம் ஒருக்காக் கேட்டிச்சு. 6.34க்குக் கரண்ட் வந்திச்சு. தரை காஞ்சு கிடந்திச்சு. கம்பி மட்டும் அப்பிடியே இருந்திச்சு.

வெள்ளி காலம கச்சிமுகம்மது காக்காவத் தேடிப் போனன். அவர்தான் எப்பிடியோ கொண்டு வந்து போட்டிருக்கார் எண்டு நம்ப ஆசைப்பட்டன். "கொழும்புக் கடை பூட்டிக் கிடந்திச்சு தம்பி, வாற கிழமதான் கம்பி" எண்டார்.

சனிக்கிழம அந்தக் கம்பியோட போய்த்தான் வாசிச்சன். வேல கிடைச்சிச்சு.

அடுத்த புதன், எங்கட பழைய வளவில கக்கூஸ் குழி வெட்டின ஆக்கள் என்னக் கூப்பிட்டாங்க. கேற்று நிண்ட இடத்தில, நாலு அடி ஆழத்தில எலும்பு. கழுத்துப் பக்கம் சிலுவை போட்ட சங்கிலி. களிசான் பொக்கற்றில ஒரு பிளாஸ்டிக் பக்கற்.

பொலிஸ் லூர்தம்மாவக் கூட்டி வந்திச்சு. சங்கிலிய அவ கையில எடுத்தா. இந்தத் தரம் நான் ஓடல்ல. "என்னாலதான் அம்மா. கிற்றாரக் கேக்கத்தான் வந்தான்" எண்டன்.

அவ என்ட முகத்தையே பாத்தா. "கேக்க வரல்லடா தம்பி. கலியாண வீட்டுக்குச் சேர்ச்சிட கிற்றார முதல்நாள் ராவே எடுத்து வெச்சிட்டான். அவன்ட கிற்றார நீயே வெச்சுக்கொள்ளட்டாம் எண்டான். புதுக் கம்பியும் வாங்கி, குடுத்திட்டு வாறன் எண்டுதான் வெளிக்கிட்டவன்."

அந்த மணலிலயே இருந்து அழுதன்.

பிறகு பொலிஸ்காரர் அந்தப் பக்கற்றத் துடைச்சுப் பாத்தார். கிற்றார் கம்பி. ஒட்டின ஒட்டு அப்பிடியே இருந்திச்சு, ஒரு கீறல் இல்ல. என்ட கண்ணுக்கு முன்னாலதான் கத்தியால வெட்டித் திறந்தார். உள்ளுக்கு ஆறு கடதாசி உறை. ஒவ்வொண்டாப் பிரிச்சார்.

அஞ்சு கம்பிதான் இருந்திச்சு. ஆறாவது உறை வெறும் உறை.

இப்பவும் நான் பின்னேரத்தில வாசிக்கிறன். பாங்குக்கு அஞ்சு நிமிசத்துக்கு முன்னமே ஈ-க்கு வந்திடுவன். மத்தக் கம்பியெல்லாம் உப்புக்காத்துக்கு மாசத்துக்கு ஒருக்கா மாத்துறன். அந்தத் தடிச்ச கம்பி மட்டும் இண்டைக்கு வரைக்கும் துருப்பிடிக்கல்ல.