வலி இருக்கிறதா என்று கேட்கப் போனவள்

1964இல் ஜெயசீலிக்கு ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இனி வைத்தியம் இல்லையென்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட புற்றுநோயாளிகளைப் போய்ப் பார்த்து, வலி எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டு எழுதிவர வேண்டும். பெரிய டாக்டரின் ஆராய்ச்சி அது. தெற்கத்தி நாசரேத்துக்காரி, தமிழ் தெரிந்தவள் என்பதால் தமிழர்கள் நிறைந்த தாராவியும் மாதுங்காவும் அவள் தலையில் விழுந்தன.

பல வீடுகளில் அவள் போவதற்குள் ஆள் இறந்திருந்தார். மாதுங்காவில் ஒரு மகன், "அப்பாவுக்கு அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்க வந்து கெடுத்துடாதீங்கோ" என்று கதவைச் சாத்தினார். மற்ற வீடுகளில் சொந்தக்காரர்களே பதில் சொன்னார்கள். நோயாளி சொன்னால்தான் கணக்கு என்பது டாக்டரின் கண்டிப்பு.

தாராவியில் தோல் கம்பெனி வேலைக்காரர் அய்யாத்துரை, வயிற்றில் கட்டியோடு பாயில் சுருண்டு கிடந்தார்.

"வலி இருக்கா அண்ணாச்சி?"

மனைவி தங்கமயில் முந்திக்கொண்டாள். "நோவெல்லாம் இல்லக்கா. புண்ணு ஆறிக்கிட்டு வருது."

"அவங்க சொல்லட்டுமே."

"அதான் நான் சொல்லுதம்லா!"

தங்கமயில் குழாயடிக்குப் போன பிறகுதான் அவர் வாய் திறந்தார். "உசிரு போவுது. அவ பயந்துருவான்னு சொல்லல. சும்மா கேட்டுட்டுப் போவவா வந்திய? மருந்து வச்சிருக்கியளா?"

அவளிடம் பேனாதான் இருந்தது.

டாக்டரிடம் போய் நின்றாள். "மருந்து கொடுத்துவிட்டால் வலியை எப்படிக் கணக்கெடுப்பது? இன்னொரு முறை கேட்டு முடி, அப்புறம் பார்க்கலாம்" என்றார் அவர்.

"அதுவரை அவர் இருக்கணுமே, டாக்டர்!"

அவள் நகரவில்லை. சலித்துப்போய் மருந்துச் சீட்டெழுதித் தந்தவர், "அந்த ஆளை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடு" என்றார்.

வாங்கிப்போன மருந்து பாட்டிலைத் தங்கமயில் தொட மறுத்தாள். அதில் புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பெயர் ஒட்டியிருந்தது. புருஷன் அதை எழுத்துக்கூட்டி வாசித்து, என்ன நோய் என்று தெரிந்துகொண்டுவிடுவாராம். ஜெயசீலிக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. குழாயடியில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை நகத்தால் சுரண்டியெடுத்தாள்.

மருந்து உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அய்யாத்துரை காலை நீட்டிக் குறட்டை விட்டார். "இப்படித் தூங்கி எம்புட்டு நாளாச்சு" என்று தங்கமயில் வாசலில் உட்கார்ந்து அழுதாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்தார்.

மறுவருஷம் ஆராய்ச்சி அச்சில் வந்தது. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு வலி தாங்கக்கூடிய அளவுதான் என்றது.

"தாங்க முடியாதவங்க யாரும் இதுல இல்லையே, டாக்டர்" என்றாள் ஜெயசீலி. அவர் அடுத்த கணக்கெடுப்புக்குச் செம்பூர்ப் பக்கம் போகச் சொன்னார். மருந்து கொடுத்தனுப்பினால் போகிறேன் என்றாள். வேலை வேறொருத்திக்குப் போனது. ஜெயசீலி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள்.