சரிவில்லாமல் வெட்டிய குளம்

அளவெடுத்த அன்று குழியின் கரையில் நின்றவர்கள்: அப்பா, மண் சுமக்கும் பெண்கள் ஆறு பேர், குளம் வெட்டும் தோட்டத்துச் சொந்தக்காரரான சாலைக் கடைத்தெரு அரிசிக்கடை முதலாளியின் கணக்கப்பிள்ளை, நான். அக்கா வரவில்லை. அத்தான் இல்லை. குழியின் நடுவே நின்ற மண்தூணின் தலையில், புல்லின்மேல், அத்தானின் சிவப்புத் துண்டு மட்டும் மடித்தபடி கிடந்தது. வேலைக்கு இறங்கினால் அங்கேதான் வைப்பார். பத்து நாளாக ஒருவரும் அதை எடுக்கவில்லை.

அந்தத் தூணைச் சாட்சி என்போம். குளம் வெட்டும்போது நடுவில் ஓரிடத்தைத் தொடாமல் விட்டுவிடுவது வழக்கம். பழைய தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அது காட்டும். அதன் உயரம்தான் குளத்தின் ஆழம். கணக்கப்பிள்ளை அதை அடித்தரையின் நீள அகலத்தோடு பெருக்குவார். நூறு கன அடிக்குப் பதினான்கு சக்கரம் கூலி; இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு ரூபாய்.

அப்பா எப்போதும் சுவர்களைச் சரித்தே வெட்டுவார். மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகல். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். மெட்ரிகுலேஷன் வகுப்பில் அந்த வருடம் கன வடிவங்கள் நடத்தினார்கள். முக்கோணப் பட்டகத்தின் படத்தைப் பார்த்ததும் அப்பாவின் சரிவு ஞாபகம் வந்தது; அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான்கு பக்கச் சரிவும் நான்கு பட்டகங்கள். அந்த மண்ணையும் வெட்டுகிறோம், சுமந்து கரையேற்றுகிறோம். அளப்பது அடித்தரையை மட்டும் என்பதால் அதற்குக் கூலி கிடையாது. இத்தனை வருடமாக அப்பா சும்மா வெட்டிய மண் எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வந்தது.

தாளில் படம் போட்டுக் காட்டினேன். சுவரை நேராக இறக்கினால் போதும், ஒரு கூடை மண்கூட வீண் போகாது என்றேன். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். செம்மண் காய்ந்திருக்கும்வரை நிற்கும், நனைந்தால் நிற்காது என்றார். இடவப்பாதி மழைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, அதற்குள் முடித்துக் கல் கட்டிவிடுவார்கள் என்றேன்.

"கணக்குல தப்பு ஒண்ணும் இல்லையே மக்கா?"

"இல்லப்பா. ரெண்டு தடவ போட்டுப் பாத்தாச்சு."

அத்தான் சிரித்தார். "மச்சினன் பென்சில தொட்டா நமக்கு மம்பட்டி வேலை பாதி மிச்சம். இனி இவன்தான் நம்ம மேஸ்திரி, கேட்டேளா மாமா."

கணக்கு சரிதான். இன்றைக்குப் போட்டாலும் அதே விடைதான் வரும். மண்ணுக்கு எடை உண்டு, மழை குடித்தால் அது கூடும் என்பது மட்டும் அந்தப் பாடத்தில் இல்லை.

மழை முந்திக்கொண்டது. ஒரு சாயங்காலம் பெய்து நின்றது. மறுநாள் காலையில் அத்தான் கிழக்குச் சுவரின் அடியைக் குனிந்து சீர்செய்துகொண்டிருந்தபோது சுவர் சரிந்தது. நான் அப்போது வகுப்பில் இருந்தேன். மம்பட்டி போட்டால் அவர்மேல் பட்டுவிடுமென்று எல்லோரும் கையாலேயே தோண்டினார்களாம். அவரை எடுத்த பிறகு அந்தக் குழிக்குள் யாரும் இறங்கவில்லை.

அளவெடுக்கும் நாளில்தான் கணக்கப்பிள்ளை கோலோடு வந்து இறங்கினார். அடித்தரையை அளந்தார். சாட்சியை அளக்க வந்தபோது தயங்கி நின்றார். அப்பா இறங்கிப் போய், எட்டித் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். ஆழம் ஏழடி. பிறகு கணக்கப்பிள்ளை கிழக்குச் சுவரோடு சாய்ந்து கிடந்த மண்ணைக் காட்டி, குழிக்குள் கிடக்கும் மண் வெட்டாத மண்தான், அதைக் கழிக்க வேண்டும் என்றார்.

"படிச்ச பையன் நிக்கானே, அவனே அளந்து சொல்லட்டும். பொறவு நான் கூடுதலாக் குறைச்சேன்னு ஒரு பேச்சு வேண்டாம்."

நான் இறங்கினேன். சுவரோரம் உயரம் ஆறடி. தரையில் அகலம் நான்கடி. நீளம் பதினெட்டு. நான் வரைந்து காட்டிய அதே பட்டகம். நடுவில் ஒரு பள்ளம். அவரை இழுத்தெடுத்த இடம். அதன் ஓரங்களில் விரல்கள் வழித்த தடங்கள் காய்ந்திருந்தன. அங்கே மண் இல்லை. அதை அளந்து சொன்னால் கழிவு குறையும். கோலை உள்ளே நீட்டப் போனேன். நான் படித்த எந்த வடிவமும் அது இல்லை.

மேலிருந்து அப்பா சொன்னார்: "பள்ளத்த விட்டுரு மக்கா."

விட்டுவிட்டேன். அங்கும் மண் நிறைந்திருப்பதாகவே வைத்துக்கொண்டு கோலை அதற்குக் குறுக்கே போட்டு அளந்தேன். அதன் பிறகு வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் பட்டகம் வரையும்போதெல்லாம் அதன் வயிற்றில் அந்தப் பள்ளம் தெரிந்தது. இப்போது குளத்தில் தண்ணீர் நிற்கிறது. வலியசாலைக்குப் போக அதுதான் கிட்டத்து வழி. நான் சுற்றிக்கொண்டுதான் போகிறேன்.

அன்று கரையேறி நின்று, ஆறை நான்கால் பெருக்கிப் பாதியாக்கி, பதினெட்டால் பெருக்கினேன். இருநூற்றுப் பதினாறு கன அடி என்றேன். கணக்கப்பிள்ளை எங்கள் கூலியில் கழித்துக்கொண்டது ஒரு ரூபாய் இரண்டு சக்கரம்.