கப்பல் மாமாவின் கத்தி உறை

எங்கள் வீட்டுக் கத்திகள் எல்லாம் அதுவரை துருப்பிடிப்பதற்கென்றே பிறந்தவை. கல்முனைக் கடற்காற்று அவற்றைத் தின்னும். உம்மா சாம்பல் போட்டுத் தேய்ப்பார். மறுநாள் காற்று மிச்சத்தைத் தின்னும். ஆகவே கப்பலில் சமையல்காரராக இருந்த மாமா, உம்மாவின் தம்பி, நெடுநாள் கழித்து ஊருக்கு வந்து வாப்பாவிடம் ஒரு கத்தியைக் கொடுத்தபோது, கத்தியைவிட அதோடு வந்த சாமான்கள்தான் எங்களுக்கு அதிசயமாக இருந்தன. அலகுக்கு ஒரு சிறு போத்தல் எண்ணெய். மரக் கைப்பிடிக்கு ஒரு டின் தேன்மெழுகு. கையால் தைத்த தோலுறை. ஏதோ ஒரு துறைமுகத்தில் கொல்லன் ஒருவன் தனியாளாய் அடித்த கத்தியாம்.

“தேங்காயெண்ண மட்டும் பூசிராதீங்க மச்சான், பிசுக்காப் பிடிச்சிரும்,” என்றார் மாமா.

வாப்பா புடவைக்கடைக்காரர். பட்டுச் சேலையைக்கூட அவ்வளவு பதமாக மடித்திருக்கமாட்டார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்ததும் கத்தியை உருவுவார், எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து உறையில் போடுவார். வரும் ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கொடுக்கும் மாட்டை அதனால்தான் அறுப்பது என்று முடிவாகியிருந்தது.

இதற்கிடையில் மாமாவுக்குப் பெண் பேசும் காரியமும் நடந்துகொண்டிருந்தது. பேச வேண்டியவர் பெரியவாப்பா, வாப்பா ‘காக்கா’ என்றழைக்கும் அவருடைய அண்ணன். பெண் அவருடைய மனைவி வழிச் சொந்தம். அவருக்கு மனமில்லை.

“கப்பல்ல கிடந்தவன் என்னத்தத் திண்டான், என்னத்தக் குடிச்சான் எண்டு ஆருக்குத் தெரியும்?”

இதைக் கேட்டு உம்மா அடுப்படியில் அழுதார். வாப்பா போய், “அவனுக்கு நான் பொறுப்பு, காக்கா,” என்று சொன்ன பிறகு, பெருநாள் முடிந்ததும் பெண் வீட்டுக்குப் போவதாகப் பெரியவாப்பா இறங்கி வந்தார்.

பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் பெரியவாப்பா கத்தியைப் பார்வையிட வந்தார். அலகில் நகத்தை வைத்துப் பார்த்து, “மாஷா அல்லாஹ்” என்றார். பிறகு உறையைக் கையில் எடுத்தார். அவர் முன்பு தோல் வியாபாரம் செய்தவர். உறையை வெளிச்சத்துக்குப் பிடித்தவரின் முகம் மாறியது.

“இது என்ன தோல் தெரியுமா? பாரு, மூணு மூணாத் துளை. அதுட தோல்!”

பன்றியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது. மாமா தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். உம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

“ஆருட வேல இது?” பெரியவாப்பா கேட்டது எல்லோரையும். பார்த்தது மாமாவை.

“என்ட வேலதான் காக்கா,” என்றார் வாப்பா. “கத்தி கடுதாசியில சுத்தித்தான் வந்த. உறைய நான் கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போன நேரம் வாங்கினன். மலிவாத் தந்தான்.”

“மலிவாத் தந்தானா! புடவ எண்டா நூல இழுத்துப் பாத்து, மோந்து பாத்து, பத்துக் கட ஏறி இறங்குவாய். தோல் எண்டா கண்ண மூடிட்டு வாங்குவியா? தலை நரைச்சும் புத்தி வரல்லயே, மடையா!”

கடையில் ஒருவரையும் தன்னை எதிர்த்துப் பேசவிடாத வாப்பா, தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். மாமா, “மச்சான்...” என்று வாயைத் திறந்தார்.

“நீ போய்த் தண்ணி அள்ளு!” என்று வாப்பா அதட்டினார்.

உத்தியோக காலம் முழுவதும் சுற்றறிக்கைகளோடு குடும்பம் நடத்தியவள் நான். ஆனாலும் அன்று, சின்னப்பிள்ளையாக நான் நின்று பார்க்க, பெரியவாப்பா நடத்தியதுபோல் ஓட்டையில்லாத ஒரு நடவடிக்கையைப் பிறகு எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை. உலர்ந்த தோலில் உலர்ந்த இரும்பு பட்டிருந்தால் பாதகமில்லை. எண்ணெய் ஈரத்தால்தான் அசுத்தம் ஒட்டியது. அதாவது, வாப்பா அக்கறையில்லாதவராக இருந்திருந்தால் கத்தி தப்பியிருக்கும். மார்க்கச் சட்டப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கரைத்த தண்ணீரால். பிசுக்குப் போகும்வரை தேய்ப்பதெல்லாம் சேர்த்து ஒன்றாகத்தான் கணக்கு. கைப்பிடி உறைக்கு வெளியே இருந்தபடியால் அதற்கு விடுதலை. துடைத்த துணி அடுப்புக்கு. உறை, இரண்டு குச்சிகளின் நடுவே பயணம் செய்து குழிக்கு.

மாமா தண்ணீர் ஊற்றினார், வாப்பா கழுவினார், பெரியவாப்பா எண்ணினார். மண் தேய்த்த அலகு கண்முன்னே மங்கிப்போனது. மாமா அதை ஈரம் போகத் துடைத்துப் புதுத் துணியால் எண்ணெய் பூசினார். வெகுநேரம் பூசிக்கொண்டே இருந்தார்.

பெரியவாப்பா போன பிறகு நான் வாப்பாவிடம் மெல்லச் சொன்னேன்: “வாப்பா, உறையும் கத்தியோடதானே வந்த. மாமா பெட்டியத் திறக்கக்குள்ள நான் பாத்தன்.”

வாப்பா குனிந்து என் காதருகே வந்தார்.

“ஓம் மகள். வாப்பாக்கு மறந்து போச்சு. ஆருக்கும் சொல்லிராத, சிரிப்பாங்க.”

நான் சொல்லவில்லை. வாப்பாவின் மானத்தைக் காக்கும் வேலை கிடைத்ததில் எனக்குப் பெருமைதான். பெருநாளன்று கத்தி தன் வேலையைச் சுத்தமாகச் செய்தது. பெரியவாப்பாவும் சொன்னபடி பெண் வீட்டுக்குப் போனார். “மச்சான்காரனவிட மாப்பிள விபரமானவன்” என்று அங்கே சொன்னாராம். மாமாவின் பேரப்பிள்ளைகள் இப்போது என் வீட்டில் வந்து குதித்துக் கும்மாளம் அடிக்கும்போது, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அந்த நாட்களில் எனக்கிருந்தது ஒரே கவலை, வாப்பாவின் மறதி. அவர் கடைக்குப் புறப்படும்போதெல்லாம் வாசலில் போய் நிற்பேன். “வாப்பா, குடை. வாப்பா, கடைச் சாவி.” சாவி அவர் கையிலேயே இருக்கும். இருந்தும் அதைச் சட்டென்று பைக்குள் ஒளித்துக்கொண்டு, வீட்டுக்குள் திரும்பி வந்து, தேடுவதுபோல் தேடி எடுத்துக்கொண்டு போவார்.

“நல்லவேள ஞாபகப்படுத்தின, மகள்.”